கடல் கடந்து வந்த தளபதியின் கல்லறை

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் உறவும் வழிபாடும் சந்தையும் களியக்காவிளை எல்லைக்குக் கட்டுப்படவில்லை. இப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட அன்பர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது தம் மக்களுக்குக் காட்டவேண்டிய நினைவுச் சின்னங்கள் இரண்டு உள. ஒன்று மரம், மற்றொன்று கல்.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப்பிலாவு' என்னும் பலாவின் அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. மார்த்தாண்ட வர்மர் இளவரசராயிருந்த காலத்தில், எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்த, இதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அம்மன்னருக்கு உழைத்த ஒருவரின் கல்லறையைக் காண நாம் தெற்கே செல்ல வேண்டும். நெய்யாற்றின்கரையில் இரயிலேறினால் பாறசாலை, குழித்துறை கடந்து இரணியலில் இறங்கலாம். 1979-இல் திறக்கப்பட்ட பாதை இது. அங்கிருந்து தக்கலை வந்து நாகர்கோவில் சாலையில் சிறிது தொலைவு சென்றால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை எதிர்ப்படும். கோட்டையினுள், மரங்களிடையே சிதைந்து நிற்கும் சிற்றாலயத்தில் டிலனாய் உறங்குகிறார்.

இவர் டச்சுக் கம்பெனிப் படையில் பணியாற்றியவர். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் வென்றபோது சிறைப்பட்டார். மன்னரோ அவர் திறமறிந்து தம் படைக்கே ஆசிரியராக்கினார். டிலனாய் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்தார், கோட்டைகளை வலுப்படுத்தினார், உதயகிரியில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றனர். 1777 ஜூன் 1-ஆம் நாள் அவர் மறைந்தார். மனைவியும் மகனும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

கல்லறையில் இலத்தீன் எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் உள்ளன. ஒன்று அவர் வழிபட்ட திருச்சபையின் மொழி. மற்றொன்று அவரை ஏற்ற மண்ணின் மொழி. பகைவராய் வந்தவருக்கு இம்மண் அளித்த மரியாதை இது.

முதல் உலகப் போரில் (1914–1918) மாண்ட வீரர்தம் குழிகள்மேல் முதலில் மரச்சிலுவைகளே நடப்பட்டன. பின்னர்க் கற்கள் வைக்கப்பட்டபோது, அம்மரச்சிலுவைகள் பலவற்றைக் குடும்பத்தார் பெற்றுச் சென்றனர். இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயச் சுவர்களில் அவற்றை இன்றும் காணலாம். மரமாயினும் கல்லாயினும், பெயர் எழுதப்பட்டால் மனிதன் மறக்கப்படுவதில்லை.

இரயில்வேயில் எழுத்துப்பணி செய்யும் எமக்கு இவ்விடத்தில் வேறோர் இருப்புப்பாதை நினைவுக்கு வருகிறது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அங்கே உயிர்நீத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. நம்மவரில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு மரத்துண்டும் இல்லை.

அந்நியராய் வந்த தளபதிக்கு நம் நாடு தமிழில் பெயர் எழுதிற்று. அயல்நாட்டில் மாண்ட நம் முன்னோர்க்கு நாமேனும் எழுதவேண்டாவா? ஒவ்வொரு குடும்பமும் தன் மூத்தோரின் பெயரையும் ஊரையும் மறைந்த இடத்தையும், வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைப்பதாக. அதற்குக் கல்லும் வேண்டா, பொருட்செலவும் இல்லை.