மின்னேரியாவில் மாலை வெளிச்சம்

ஹபரணையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வழியில், மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளம் இருக்கிறது. 1997இல் சுற்றுப்புறம் தேசிய பூங்காவாயிற்று. ஓகஸ்ட், செப்டம்பர் வறட்சியில் நீர் வற்றினால் படுகையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும்.

கமராவுடன் போகிறீர்களா? நடுப்பகலில் அவசரப்படாதீர்கள். அம்மாதங்களில் உச்சி வெயில் நேரே தலைமேல் விழும். யானையின் முதுகு வெளுத்து, கண் இருளில் மறைந்துவிடும். கண் தெரியாத யானைப் படம் கருங்கல் பாறையின் படம்தான்!

உங்கள் நிழலைப் பாருங்கள். அஸர் தொடங்கும்போது அது ஏறத்தாழ உங்கள் உயரம் இருக்கும். அது இரு மடங்கைக் கடந்த பின்னர் கமராவை எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் எடுப்பாகத் தெரியும். சூரியன் யானைக்குப் பின்னால் இருந்தால், அது மேலே தூவிக்கொள்ளும் மண்கூடப் பொன்னாய் ஒளிரும். அப்போது கமராவின் ஒளியளவை வானத்துக்கு ஏற்ப வையுங்கள். யானைக்கு ஏற்ப வைத்தால் வானம் வெளிறிப்போகும்.

பலர் வெளிச்சத்தை மறந்து யானையைத் துரத்துகிறார்கள். ஜீப்புகள் சூழ்ந்துகொண்டால் தாய் யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நிற்கும். குட்டி நிழலுக்குள் மறைந்துவிடும். படமும் போயிற்று, அவற்றின் மேய்ச்சலும் போயிற்று. வெயில் சாயும் பக்கத்தைச் சாரதிக்குக் காட்டி, எட்டவே நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். மாலை 6 மணிக்குள் வெளியேற வேண்டுமாதலால், 5 மணிக்கு எங்கே நிற்பதென்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். மேய்ந்தபடி அவையே அந்த வெளிச்சத்துக்குள் வரக்கூடும்.