ஸ்ரீரங்கத்து வீதிகளில் அம்மாவுடன்

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பெரிய பெருமாளைச் சேவித்து, தாயார் சந்நிதிக்கும் போய்விட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். ஊரை நடந்து பார்ப்பவர்கள் குறைவு. ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களும் கொண்ட இந்தக் கோயிலில், வெளிப் பிராகாரங்களே குடியிருக்கும் வீதிகள். உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர். எங்கே கிளம்பினாலும் நாலு மூலை திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். இதன் அருமை, 78 வயது அம்மாவை அழைத்துப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு அல்ஸைமர் நோய். 1906-ல் இதை முதன்முதலில் விவரித்த ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமரின் பெயர் அது. புது நினைவுகளைச் சேர்த்து வைக்கும் மூளைப் பகுதியை இந்நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துவிடும். அறுபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி அப்படியே நிற்கும்.

சென்னையில், சாயங்காலமானால் அம்மா வாசல் கதவை இழுக்க ஆரம்பித்துவிடுவாள். "ஆத்துக்குப் போகணும், அம்மா தேடுவா!" பொழுது சாயும் நேரத்தில் இப்படிப் பதற்றம் கூடுவது இந்நோயில் சகஜம். பிறந்த ஊரைக் கண்ணால் பார்க்கட்டுமே என்று பகல் ரயிலில் கிளம்பினோம்.

ராஜகோபுரத்தருகே ஆட்டோவை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தாள். "இதென்ன புதுசா? மொட்டைக் கோபுரம் எங்கே?" 236 அடி உயர ராஜகோபுரம் பூர்த்தியானது 1987-ல்தான். அவள் பாவாடை தாவணியில் திரிந்த காலத்தில் அது மொட்டையாகத்தான் நின்றது. அவள் கணக்கு சரிதான்!

வடக்குச் சித்திரை வீதியில் அவள் பிறந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். திண்ணை மட்டும் பழையபடி. அதில் உட்கார்ந்து தடவிப் பார்த்தாள். வெயில் தாழ்ந்ததும் என்னைப் பார்த்து, "மாமி, நாழியாறது. என்னை ஆத்துல கொண்டு விடுங்கோ" என்றாள். பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற பெண்ணிடம்!

தொண்டை அடைத்தது. மறுத்துப் பேசினால் பதற்றம் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வா, போலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தோம். கிழக்கு வீதியில் வெள்ளைக் கோபுரத்தைக் கண்டதும் அவள் கைகள் தாமாகக் குவிந்தன. தெற்கில் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துவிட்டேன். மேற்கைக் கடந்து மறுபடி வடக்கே வந்தபோது, பிடித்த கை தளர்ந்திருந்தது. ஆம் எங்கே என்று அன்றைக்கு அப்புறம் கேட்கவே இல்லை. அவள் தேடுகிற வீட்டுக்கு விலாசம் கிடையாது. பயமில்லாமல் இருந்த ஒரு காலம்தான் அது. கூடவே யாராவது நடந்தால் கொஞ்ச நேரம் அது கிடைத்துவிடுகிறது.

சரி, கூட நடக்கிறவள் கதி? அம்மா எதிரே இருக்கிறாள். ஆனால் என் அம்மாவாக இல்லை. இந்தத் துக்கத்தை விசாரிக்க யாரும் வருவதில்லை. போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, இப்படிப்பட்ட துக்கத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். பெயர் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் அத்தங்காவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காவேரியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதேன். திரும்பி வந்து தயிர்சாதம் பிசைந்து கொடுத்தபோது, என் குரலில் முந்தைய நாள் எரிச்சல் இல்லை.

இப்படிப்பட்டவர்களை வெளியூர் அழைத்துப் போகும் சகோதரிகளே, பகல் பிரயாணமாக வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு இன்னொருவர் அவசியம். பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு அவர்களிடம் எப்போதும் இருக்கட்டும். அன்றன்று உடுத்திய உடையோடு ஒரு போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். தங்குமிடத்தில் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். அவர்களுடைய தலையணையை மறக்க வேண்டாம்.

உங்களுக்கென்று ஒரு மணி நேரத்தைக் கூசாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு மாமியோ, யாரிடமாவது கேளுங்கள். படித்துறை இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும்.