மறைக்காத கிழிசல்

பழைய காமிக்ஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், பக்கங்களைப் புரட்டுவதற்கு முன் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பேன். நேராகப் பார்த்தால் குறையே தெரியாத அட்டை, சாய்த்ததும் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும். அதன்மேல் தாள் வைத்து யாரோ கணக்கு எழுதிய பேனாவின் அழுத்தம், நடுவில் மடித்துச் சட்டைப்பையில் செருகிய கோடு, ஈரமான டம்ளர் வைத்த வட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக எழும். பல ஆண்டுகளாக நண்பர்களுக்காகவும் எனக்காகவும் இந்த வேலையைச் செய்துவருகிறேன். கதையைப் படிப்பதில் எவ்வளவு மகிழ்ச்சி உண்டோ, அதற்குக் குறையாத மகிழ்ச்சி இதிலும் எனக்கு உண்டு.

அட்டைக்கு அடுத்தது முதுகு. பின் அடித்த இரண்டு இடங்களின் அருகில்தான் புத்தகம் அதிகம் வருந்தும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே மயிரிழை போன்ற கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டில் மை உடையாமல் இருந்தால் சிறு குறை. மை உடைந்து அடியிலுள்ள வெள்ளைத் தாள் தெரிந்தால் குறை கூடுகிறது. பிறகு பின்னையே பார்க்க வேண்டும். துரு பின்னோடு நின்றிருக்கிறதா, தாளுக்குள் இறங்கியிருக்கிறதா? கடலோர ஊர்களில் இருந்து வரும் புத்தகங்களில் பெரும்பாலும் இறங்கியிருக்கும். பின்னைச் சுற்றிய தாள் செம்பழுப்பாகிப் பொடியும். நடுத்தாள் இரண்டு பின்னிலும் பிடித்திருக்கிறதா என்று மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாகப் பக்கங்களை எண்ண வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுத் தரம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1974 நவம்பர் தேதியிட்ட ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழில்தான் வுல்வரின் முழுமையாக அறிமுகமானான். அந்தக் காலத்தில் மார்வெல் நிறுவனம் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் சிறு முத்திரைப் படம் ஒன்றை அச்சிட்டு, வெட்டியெடுத்துச் சேகரிக்கும்படி சிறுவர்களைத் தூண்டியது. சொன்னதைச் சிறுவர்கள் ஆவலோடு செய்தார்கள். அதனால் அட்டை மின்னும் பல பிரதிகளின் உள்ளே சதுரமான ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்து உயர்ந்த தரம் சொல்லிவிடலாம். உள்ளே திறந்தால் அது முழுமையற்ற பிரதி. விலை அடியோடு சரிந்துவிடும்.

இந்த மாதிரி விவரங்களுக்கு ஒரு பொது அளவுகோல் அங்கே மெல்ல மெல்ல உருவானது. 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் வெளியிட்ட விலைக் கையேடு, பழைய இதழ்களின் விலையை அவற்றின் நிலையோடு சேர்த்து அச்சில் கொண்டுவந்தது. 2000இல் சிஜிசி என்ற நிறுவனம் தொடங்கியது. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் தரம் சொல்லும் முறை அதிலிருந்து நிலைபெற்றது. 0.5இல் தொடங்கி 10 வரை எண்கள். புத்தகத்தைப் பரிசோதித்து, எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பித் தருவார்கள். தாளின் நிறத்தையும் தனியே எழுதுவார்கள்: வெள்ளை, சற்று மங்கிய வெள்ளை, பாலேட்டு நிறம், பழுப்பு, தொட்டால் நொறுங்கும் நிலை.

எண்ணில் அரைப் புள்ளி வித்தியாசம் என்றால் அங்கே பெரும் பணம். 12 சென்ட்டுக்கு விற்ற ‘அமேஸிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழ், 1962இல் ஸ்பைடர்மேன் அறிமுகமான இதழ். அதில் 9.6 தரம் பெற்ற ஒரு பிரதி 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் தொகையைவிட என்னை வியக்கவைப்பது அந்தத் தாள் தப்பிப் பிழைத்ததுதான். காமிக்ஸ் அச்சடித்தது செய்தித்தாள் ரகத் தாளில். மரத்தை அரைத்துக் கூழாக்கிச் செய்த அந்தத் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுவே அமிலத்தை உண்டாக்கித் தாளை உள்ளிருந்து அரிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பழைய தாள் திரட்டும் இயக்கத்தில் எண்ணற்ற இதழ்கள் கூழாகப் போயின. 1940களின் இறுதியில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லி சில ஊர்களில் குவித்து எரித்தார்கள். எஞ்சியதை அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டார்கள்.

இத்தனையையும் கடந்து வந்தவற்றுக்குப் பெரும்பாலும் இடமும் தட்பவெப்பமும்தான் துணை. டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்ற ஓவியர் ஆயிரக்கணக்கான இதழ்களை வாங்கி, நெருக்கமாக அடுக்கி வைத்திருந்தார். 1977இல் சக் ரொசான்ஸ்கி என்ற வணிகர் அவற்றை வாங்கியபோது, பல நேற்று அச்சானவை போல இருந்தன. மலைப்பகுதியின் வறண்ட காற்றும், வெளிச்சம் படாத இறுக்கமான அடுக்கும் செய்த வேலை அது. 2024இல் வடக்கு கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன தாயின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் 1939ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ முதல் இதழைக் கண்டெடுத்தார்கள். அதற்கு 9.0 தரம் கிடைத்தது. 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்கு விற்றது. குளிர்ந்த ஊரின் பரண் என்பதால் தப்பியது. நம்மூர் ஓட்டுவீட்டுப் பரணில் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே அதே தாள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த அளவுகோலில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதன் உச்சி இல்லை, அடி. அட்டை கிழிந்து, மூலை போய், பக்கம் ஒன்று காணாமல்போன புத்தகத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. 0.5 என்று எழுதி மரியாதையாகவே உறையிலிட்டுத் தருவார்கள். ஆனால் கிழிசலை மறைத்தால் கதை வேறு. மங்கிய நிறத்தின்மேல் மை தீட்டியது, நைந்த ஓரத்தை வெட்டி நேராக்கியது, ஓட்டைக்குள் வேறு தாளை ஒட்டியது ஆகியவற்றைக் கண்டுபிடித்தால் வழக்கமான நீல லேபிளுக்குப் பதிலாக ஊதா லேபிள் ஒட்டுவார்கள். எண் உயர்வாகவே இருந்தாலும், பெரும்பாலான சேகரிப்பாளர்கள் அதற்கு மிகக் குறைந்த விலைதான் தருவார்கள். அழகாகச் செப்பனிட்ட புத்தகத்தைவிட, உள்ளது உள்ளபடி கிழிந்த புத்தகத்துக்கு அங்கே மதிப்பு. அந்த உறையையே ஏமாற்றப் பயன்படுத்தியவர்களும் உண்டு. உயர்தரப் பிரதியின் உறைக்குள் தாழ்ந்த பிரதியை மாற்றி வைத்து விற்ற மோசடி 2023இன் இறுதியில் வெளிவந்தபோது, சேகரிப்பாளர் உலகமே கொதித்தது. தரம் சொல்வது என்பது முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு பொய்த்தால் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

இந்த அளவுகோலைத் தமிழ் காமிக்ஸின்மேல் வைத்துப் பார்க்கும்போது வேலை இன்னும் சுவாரசியமாகிறது. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962இல் தொடங்கிய தொடர் ஒன்றை, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி என்று தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. இவற்றைத் தவிர, 1964 முதல் 1990 வரை வெளியான இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் சில காலம் கிடைத்தது. இந்த இதழ்களை யாரும் சேமித்து வைப்பதற்காக வாங்கவில்லை. தெருவில் ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் படித்தார்கள். வாடகை நூல் நிலையங்கள் பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்தின. ராமபாணப் பூச்சி முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் வெளியேறியது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது, அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளும் போயின.

நம்மிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பத்து, பதினைந்து இதழ்களைச் சேர்த்து பைண்டரிடம் கொடுத்து, காலிகோ ஒட்டிய ஒரே தொகுதியாகக் கட்டி வைப்பது. பைண்டர் பின்னைப் பிடுங்கி, முதுகில் துளையிட்டுத் தைத்து, மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டுவார். சில நேரம் ஓரத்திலிருந்த வசனத்தின் கடைசி எழுத்தும் அதோடு போய்விடும். அமெரிக்கக் கணக்குப்படி ஓரம் வெட்டுவது பெருங்குறை. ஆனால் இங்கே வெட்டியவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, காப்பாற்றத்தான் நினைத்தார். உண்மையில் அந்தக் காலிகோ அட்டைக்குள் இருந்ததால்தான் பல இதழ்கள் இன்று நம் கைக்கு வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட பிரதிக்கு வெறும் எண் மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். ‘பைண்டிங்கிலிருந்து பிரித்தது. மூன்று ஓரமும் வெட்டப்பட்டது. முதுகில் தையல் துளைகள். பக்கங்கள் முழுமை. வசனம் சேதமில்லை’ என்று எழுதுவேன். வாங்குபவருக்கு வேண்டியது இதுதான். ஆய்வு செய்பவருக்கும் இதுவே போதும்.

மறைப்பு என்பது நம்மூரில் எந்த வடிவில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் பெரிய விலை கொடுத்து வாங்கிய பழைய இதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். “சார், இத்தனை வருஷத்துப் புத்தகம், அட்டை மட்டும் எப்படிப் புதுசு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். உள்தாள் பழுப்பேறிச் சணல்போல முரடாக இருந்தது. அட்டை மட்டும் வழவழவென்று மினுங்கியது. பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தேன். பழைய ஆஃப்செட் அச்சில் படத்தின் நிறம் ஒழுங்கான சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். இதில் புள்ளிகளின் ஓரம் கலங்கி, அதன்மேல் கோடு கோடாக இன்னொரு ஒழுங்கு ஓடியது. முதுகு மடிப்பில் மை தாளுக்குள் ஊறாமல் மேலேயே படிந்து, பொருக்காக உதிர்ந்திருந்தது. கடைகளில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை அடித்ததும், உள்தாள் மங்கலாகக் கிடக்க, அட்டையின் வெள்ளை மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த இந்தக் காலத்துத் தாள் அது. அட்டை கலர் ஜெராக்ஸ். பின்னும் புதிது.

கலர் ஜெராக்ஸ் அட்டை போடுவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அட்டையில்லாத புத்தகத்துக்கு அது நல்ல உடை. படிப்பவனுக்கு முழுமையான உணர்வைத் தரும். விற்றவர் அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நண்பர் அதற்கேற்ற விலையை மகிழ்ச்சியாகவே கொடுத்திருப்பார். மறுபதிப்புகளும் இப்படித்தான். பழைய முத்து காமிக்ஸ் கதைகள் பல, அதே பதிப்பகத்தின் காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் மீண்டும் வந்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்கள் அந்தக் கதைகளைப் படித்தே இருக்க முடியாது. மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்பதில் ஓர் இழிவும் கிடையாது.

இந்தத் தரம் பார்க்கும் பழக்கம் வாசிப்புக்கு எதிரி என்று சிலர் வருந்துகிறார்கள். யாரும் படிக்காத பிரதிக்குத்தானே அதிக எண் கிடைக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். என் பதில் இது: எண் தாளைப் பற்றியது. ஒரு கதை எத்தனை பேரை மகிழ்வித்தது என்று அளக்க அந்த எண்ணால் முடியாது, அளப்பதாக அது சொல்லவும் இல்லை. நான் பார்க்கும் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 4.0ஐத் தாண்டுவதில்லை. அந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. அட்டைக்கு உட்புறம் பென்சிலில் எழுதிய பெயர், நூல் நிலைய சீல், ‘பத்திரமாகத் திருப்பித் தரவும்’ என்ற வேண்டுகோள் எல்லாவற்றையும் குறைகளின் பட்டியலில் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அப்படி எழுதுவதால்தான் அந்தப் புத்தகம் எத்தனை கைகளில் புழங்கியது என்பதும் பதிவாகிறது. அழித்துத் துடைத்து வெண்மையாக்கிய பிரதியில் அந்தச் செய்தி இருக்காது.

ஆகவே வீட்டில் பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சில எளிய காரியங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி ஊறி அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். லேமினேஷன் செய்யாதீர்கள், திரும்பப் பிரிக்க வழியில்லை. பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வெயிலும் ஈரமும் படாத மர அலமாரி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு இதழுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: இதழின் பெயர், எண், முதற்பதிப்பா மறுபதிப்பா, பக்கங்கள் முழுமையா, என்னென்ன சேதம், என்னென்ன ஒட்டுவேலை.

சிஜிசி தான் தரம் பார்த்த பிரதிகளின் எண்ணிக்கையை இதழ்வாரியாகப் பொதுவில் வைத்திருக்கிறது. அதனால் எந்த இதழ் எந்தத் தரத்தில் எத்தனை பிரதி அவர்கள் கைக்கு வந்தது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். அப்படியொரு கணக்கு தமிழ் காமிக்ஸுக்கும் வேண்டும். அதற்குப் பெரிய நிறுவனம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நூறு சேகரிப்பாளர்கள் தங்கள் சீட்டுகளை உண்மையாக எழுதி ஒன்றாகச் சேர்த்தாலே, எந்த இதழ் முழுமையாகக் கிடைக்கிறது, எதற்கு அட்டை கிடைக்கவில்லை, எதை அவசரமாக ஸ்கேன் செய்து காக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒருவரிடம் அட்டை இல்லாத பிரதியும், இன்னொருவரிடம் நடுத்தாள் போன பிரதியும் இருந்தால், இரண்டையும் வைத்து ஒரு முழு இதழை மீட்கலாம். தங்கள் பிரதியில் எது இல்லை என்பதை இருவரும் மறைக்காமல் எழுதியிருந்தால்தான் அது நடக்கும்.