மூன்றாவது ஊசிக்குப் பிறகு

மகள், மஹரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்ததை வினாயகபுரம் முழுக்கச் சொல்லித் திரிகிறான் தம்பி. எல்லாரும் வெள்ளைக் கோட்டைப் பற்றியே பேசுகிறார்கள். பல் கிளினிக்கில் ஆயுதம் கழுவியே பென்ஷனுக்கு வந்தவன் நான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உனக்குப் போட்டதா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

"குழந்தையிலேயே போட்டாச்சு பெரியப்பா" என்பாய். இருக்கும். 2003இலிருந்து நம் நாட்டில் பிள்ளைகளுக்கு அது போடுகிறார்கள். கிளினிக் கார்டைத் தேடி எடு. ஆனால் வருஷம் போகப்போக இரத்தத்தில் எதிர்ப்பு அளவு இறங்கும். மற்ற ஆட்களுக்கு அது பெரிய காரியமில்லை, உடம்பு மறக்காது. நாள் முழுக்க அடுத்தவர் இரத்தத்தோடு வேலை செய்யப் போகிற நீ டெஸ்ட் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகுக்குக் குறைவென்றால் இன்னொரு ஊசி, பிறகு மறுபடி டெஸ்ட்.

ஊசியே போடாதவர்களுக்கு மூன்று: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டெஸ்ட். இந்த டெஸ்டைத்தான் படித்தவர்களே விட்டுவிடுகிறார்கள். மூன்றும் போட்டும் எதிர்ப்பு வராத உடம்பு நூற்றுக்கு ஐந்து பத்து உண்டு. அவர்கள் மறுபடி மூன்றும் போடவேண்டும்.

எச்.ஐ.வி. என்றால் எல்லாருக்கும் நடுக்கம். அந்த நோயாளிக்குக் குத்திய ஊசி நமக்குக் குத்தினால் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி இல்லாதவருக்கு, நூறில் முப்பது வரை போகும். காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு கிடக்கும் கிருமி அது. செங்கமாரி வந்தால்தானே தெரியும் என்று இருந்துவிடாதே. கண் மஞ்சளாகாமலே பலர் அதைக் காவித் திரிகிறார்கள், ஈரல் கெட்ட பிறகே அறிகிறார்கள்.

2001இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஒரு பல் கிளினிக்கில், ஒரே நாளில் பல் பிடுங்கிய ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியது. போய்ப் பார்த்தவர்களுக்குப் பெரிய பிழை எதுவும் அகப்படவில்லை. எப்படித் தொற்றியது என்பதும் பிடிபடவில்லை. இதைப் பொய் என்று சொல்லும் சீனியர்கள் உனக்கு வாய்ப்பார்கள்.

விறைப்பூசி போட்ட கையோடு மூடியை மற்றக் கையால் பிடித்து மாட்டாதே. மூடியைத் தட்டத்தில் வைத்து, ஒரு கையாலேயே ஊசியை அதற்குள் நுழை. அவசரத்தில் எல்லாரும் இரண்டு கையால்தான் செய்வார்கள், பார். குத்திவிட்டால் நசுக்கிப் பிதுக்காதே. சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவு, மேலதிகாரியிடம் சொல்லு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எதிர்ப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் 24 மணித்தியாலத்துக்குள் கிடைப்பதுதான் நல்லது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் தொலைக்கிறார்கள்.

இன்னொன்று. டாக்டர் ஊசியை ஒரு தரம் தொடுவார். இரத்தப் பஞ்சுக்கு அடியில் மறந்து கிடக்கும் ஊசி, பல் சுரண்டும் கொக்கி, துளைக்கும் முனை எல்லாம் கழுவுகிறவன் கைக்குத்தான் வரும். மெல்லிய கையுறையை அவை லேசாகக் கிழித்துவிடும். பாத்திரம் கழுவும் தடித்த கையுறை வேண்டும். தனியார் கிளினிக்குகளில் நாட்கூலிக்கு நிற்கும் பிள்ளைகளிடம் தடுப்பூசி போட்டாயா என்று கேட்க ஆளில்லை. நீ போகிற இடத்தில் முதல் கிழமையே கேள். போடவில்லை என்றால் முதலாளியிடம் சொல்லு, செலவைக் கூலியில் பிடிக்கவேண்டாம் என்பதையும் சேர்த்து.