கரையில நிக்கிறவர்தான் முதல் மீட்புப் படை

இது கொஞ்சம் நீளமான இழை. ஆத்துலயோ கடல்லயோ கால் வைக்கிற குடும்பம் எதுவா இருந்தாலும், இதைக் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

1) 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம ஊர்ப்பக்கம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அப்போது வெள்ளத்துக்குள் படகோடு இறங்கியவர்களில் நம் கடற்கரை மீனவர்களும் உண்டு. கடல் படகு வயல்காட்டு மேல ஓடுச்சு.

2) அதற்கு 5 வருடம் முன்னால், 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அந்த மாநில அரசே சொன்னது. படகு இருந்தது மட்டும் காரணமில்லை. தண்ணியோட போக்கு அவங்களுக்குத் தெரியும். தனியா இறங்க மாட்டாங்க. கையில கயிறு இருக்கும். இந்த மூன்றையும் மனசுல வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

3) வெள்ளம் நமக்குச் சில மணி நேரமாவது தரும். படித்துறையில் கால் வழுக்கிப் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆக்சிஜன் இல்லாமல் 4, 5 நிமிடம் போனாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். மீனவர்கள் இருப்பது உவரியிலும் மணப்பாட்டிலும். அம்பைத் தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் அந்த 5 நிமிடத்துக்குள் ஆற்றங்கரைக்கு வந்து சேருவது கஷ்டம். அப்போ அங்க யாரு இருக்கா? பக்கத்துல துணி துவைச்சிட்டு இருக்கிற அக்காவும், குளிக்க வந்த நாலு பேரும்தான்.

4) ஒரு டாக்டரா நான் சொல்றேன். எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி முடிவாகிடுது. வென்டிலேட்டரால் நுரையீரலுக்கு உதவ முடியும். செத்துப்போன மூளை செல்லைத் திரும்பக் கொண்டுவர எந்த மெஷினும் இல்லை.

5) இந்தியாவில் 2022-ல் மட்டும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. இதுல கடலும் உண்டு, குளம், கிணறு, ஆறும் உண்டு.

6) நம்ம ஆறு பார்க்கச் சாதுவாத்தான் இருக்கும். ஆனா மணல் அள்ளின இடத்துல கசம் இருக்கும். இடுப்பளவுத் தண்ணில நடந்துட்டே இருப்பீங்க, அடுத்த அடியில ஆளு முங்கிரும். கன்னடியன் மாதிரி அணைக்கட்டுகளுக்குக் கீழே, விழுகிற தண்ணீர் சுழன்று ஆளைத் திரும்ப அணைச்சுவர் பக்கமே இழுக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவரும் அதுல மாட்டுவார். அம்பையில வெயில் அடிக்கும், மேலே மலையில மழை கொட்டும். தண்ணி சட்டுனு ஏறும்.

7) மூழ்குகிறவர் சினிமாவில் வருவது மாதிரி கையை ஆட்டிக் கத்த மாட்டார். மூச்சு விடவே வழியில்லாதப்ப சத்தம் எங்கிருந்து வரும்? தலை பின்னால சாயும், வாய் தண்ணி மட்டத்துல மேலும் கீழும் போகும், ஏணி ஏறுற மாதிரி கை தண்ணியை அமுக்கும். சில குழந்தைகள் 20 விநாடியில் உள்ளே போய்விடும். அமைதியா இருந்தா விளையாடுதுன்னு நினைக்காதீங்க.

8) இப்போ முக்கியமான விஷயம். குதிக்காதீங்க.
"அண்ணனைக் காப்பாத்தப் போன தம்பியும் பலி"ன்னு எத்தனை செய்தி படிச்சிருக்கோம்! மூழ்குறவர் உங்க கழுத்தைப் பிடிச்சு உங்க மேல ஏறத்தான் பார்ப்பார். அது அவர் தப்பு இல்லை, உடம்பு அப்படித்தான் செய்யும். கரையில உறுதியா நின்னு, ஒருத்தர் உங்களைப் பிடிச்சுக்க, சேலையையோ வேட்டியையோ கயிறையோ வீசுங்க. மூங்கில் கழியை நீட்டுங்க. மூடி இறுக்கின காலி 5 லிட்டர் கேன் ஒரு ஆளை மிதக்க வைக்க உதவும். லாரி டியூப் இருந்தா இன்னும் நல்லது. மீனவர்கள் செய்யிறதும் இதுதான்: தண்ணியைப் பார்த்து, துணைக்கு ஆள் வச்சு, கயிறோட.

9) கரைக்கு வந்தாச்சு. இனி வயிற்றை அமுக்காதீங்க. தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. வெளியே வர்றது பெரும்பாலும் வயித்துத் தண்ணி. அது மறுபடி மூச்சுக்குழலுக்குள்ள போகும். நேரமும் போகும்.

10) கூப்பிட்டா அசைவு இல்லை, மூச்சும் சரியா இல்லைன்னா, ஒருத்தர் 108-க்குப் போன் பண்ணட்டும். இன்னொருத்தர் மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைச் சாய்ச்சு, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 2 மூச்சு ஊதட்டும், நெஞ்சு உயரணும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம். மாரடைப்பில் மூச்சு ஊதாமல் அழுத்தினால்கூட ஓரளவு போதும். மூழ்கினவருக்கு மூச்சுதான் முதல் மருந்து, ஏன்னா அவர் இதயம் நின்னதே ஆக்சிஜன் இல்லாமத்தான். மூச்சு ஊதத் தெரியாதவர் நெஞ்சையாவது அழுத்துங்க. வாயில நுரை வந்தா துடைச்சிட்டே உக்காந்துராதீங்க, தொடருங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுத் திருப்பி, வழிச்சுட்டு, மறுபடி.

11) எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழிச்சும் கூடலாம். "நல்லாத்தான் இருக்கான் டாக்டர்"னு வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறதுலதான் ஆபத்து.

12) இது புது யோசனை இல்லை. 1767-லேயே ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாய் ஓரம் வசிச்ச சாதாரண ஜனங்களுக்கு வாயில் மூச்சு ஊதச் சொன்னார்கள். கூடவே ஆசனவாயில் புகையிலைப் புகை ஊதவும் சொன்னாங்க. அந்தப் புகை போயிருச்சு, மூச்சு மட்டும் 250 வருஷம் தாண்டி நிக்குது! கரையில் இருப்பவர்களுக்கு மீட்பும் முதலுதவியும் கற்றுக் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமும் இன்னைக்குச் சொல்லுது.

13) அதனால் நம் படித்துறைகளுக்குக் கேட்பது ரொம்பச் சின்னது. ஒரு 20 மீட்டர் நைலான் கயிறு, ஒரு டியூப், கழி ஒண்ணு. படித்துறைப் பெயரும் 108-ம் எழுதிய பலகை, அப்போதான் ஆம்புலன்சுக்கு இடம் சொல்ல முடியும். தினமும் அங்க இருக்கிற டீக்கடைக்காரர், ஆட்டோ அண்ணன், துணி துவைக்கிற அக்கா இவங்கள்ல 4 பேருக்கு ஒரு மதியம் பயிற்சி. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் போய்க் கேளுங்க. பொம்மை வச்சு அழுத்திப் பழகினா கைக்கு மறக்காது. ஆடி அமாவாசைக் கூட்டம் பாபநாசத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இது நடக்கணும்.

உங்க ஊர்ப் படித்துறையில கயிறு இருக்கா? போய்ப் பார்த்துட்டு வந்து கீழே எழுதுங்க. இல்லைன்னா ஒண்ணு வாங்கிக் கட்டிட்டு வந்து எழுதுங்க.