வாலாட்டும்னு நினைச்சுத்தான் போனோம்!

ஆனைக்குட்டம் டேம் தெரியுமா உங்களுக்கு? விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல்னு இந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் காலேஜ் படித்திருந்தால் கேட்கவே வேண்டாம். கிளாஸை கட் அடித்துவிட்டு பைக்கில் போய், கரையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டு வந்திருப்பீர்கள். அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டிய அணை. பேருதான் நதி! மழைக்காலம் போய்விட்டால் தண்ணியைவிட சீமைக்கருவேலம்தான் ஜாஸ்தியா கண்ணில் படும். ஆனாலும் கரிசல்காட்டுக்காரனுக்கு அதுவே கடல்தான் பாஸ்.

தீபாவளிக்கு மறுநாள் நானும் இரண்டு ஃப்ரெண்ட்ஸும் அங்கே போனோம். ஒரு கருவேல மரத்தடியில் செவலை நாய் ஒன்று. ஒடிசலான உடம்பு, நீள மூஞ்சி. கழுத்தில் பழைய சேலை பார்டரைக் கிழித்துக் கட்டிய பட்டை. வெயில் கொளுத்துகிற நேரத்தில் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மிச்சம் வைத்திருந்த வெடியைப் போட, அது மண்ணைத் தோண்டி உள்ளே போகப் பார்த்தது பாருங்கள்... எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நம்மைவிட ரொம்பத் தூரத்து சத்தமும் அதன் காதில் விழும். நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபல், அதுதான் வெடிக்கு சட்டம் போட்ட எல்லை. சட்டப்படி வெடித்தாலே அதுக்கு இடிதான். உடனே ‘அப்போ பட்டாசை தடை பண்ணுங்க’ன்னு கொடி பிடிக்காதீங்க. எங்க அப்பா சம்பளம், என் செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அந்தக் கருமருந்தில் இருந்து வருகிறது. சோறு போடுகிற சத்தம் அது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஜீவன் எதிரே நிற்கும்போது எந்தப் பக்கம் பேசுவது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

“மாப்ள, ஏதாவது ஷெல்ட்டர்ல விட்டுருவோம்டா.” என் ஃப்ரெண்ட் ஈசியா சொல்லிவிட்டான். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

பிடிக்கவே இரண்டு மணி நேரம். பயந்த நாயை நேருக்கு நேர் முறைக்கக் கூடாது, மேலே குனியக் கூடாது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? பிஸ்கட்டும் துண்டுமாகப் போராடியதில் ஃப்ரெண்டின் கையில் பல் கீறிவிட்டது. டீக்கடை அண்ணாச்சிதான் சத்தம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். நேரே ஜி.ஹெச். ஊசி. சின்னக் கீறல்தானேன்னு விட்டுடாதீங்க. வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

போன் போட்ட இரண்டு இடத்தில் “இடமில்லை தம்பி”. மூன்றாவது, மதுரை ரோட்டில் ஒரு சின்னக் காப்பகம். அங்கே ஒரு அக்கா சொன்னார்: “கூட்டிட்டு வாங்க. ஆனா விட்டுட்டு ஓடக் கூடாது. ஒரு நாள் தங்கி வேலை பார்த்துட்டுப் போங்க.”

மூணு பேர் பாக்கெட்டையும் தட்டி ஒரு லோடு ஆட்டோ பிடித்துப் போனோம். போய் இறங்கினால் நாற்பது நாய்கள் வாலாட்டி வரவேற்கும், நாம ஹீரோ மாதிரி நிற்கலாம் என்று ஒரு கற்பனை. வரவேற்றது வாடை! அடுத்து, கையில் ஒரு துடைப்பம்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறது கழுவல். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் குட்டிகள் இருக்கும் கூண்டு, அப்புறம் ஆரோக்கியமான நாய்கள், கடைசியில்தான் நோயாளிகள். மாற்றிச் செய்தால் நம்ம செருப்பே பார்வோ வைரஸைக் குட்டிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ரத்தமும் பேதியுமாக நாலைந்து நாளில் குட்டியைத் தீர்த்துவிடுகிற நோய் அது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை ஊற்றிவிட்டு ‘கமகம’ன்னு திருப்திப்பட்டால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். புது நாயைப் பொதுக் கூண்டில் விடாமல் இரண்டு வாரம் தனியே வைப்பதும் இதனால்தான். எங்கள் செவலைக்கும் தனி ரூம் கொடுத்தார்கள். ‘பிஜிலி’ன்னு பேர் வைத்தோம். சிவகாசிக்காரன் வேற என்ன வைப்பான்? கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை.

கழுவி முடித்தால் சமையல். பெரிய அண்டாவில் அரிசி, கோழிக்கடைக் கழிவுக் கறி, கொஞ்சம் மஞ்சள். வெங்காயம் கூடவே கூடாது, ரத்தத்தைக் கெடுத்துவிடும். அப்படியென்றால் நம்ம ஊர் புரோட்டாக்கடை வாசலில் சால்னா ஊற்றிப் பிசைந்து போடுகிறோமே, அது? அக்காவிடம் கேட்டேன். முறைத்தார். அத்தோடு விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு மருந்து. வண்டியில் அடிபட்ட ஒரு நாயின் முதுகுப் புண்ணில் புழு. மருந்து தெளித்துக் காத்திருந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பாதியில் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அது என்னைக் கடிக்கவும் இல்லை, நக்கவும் இல்லை. அசதியில் தூங்கிப்போனது.

அங்கே ஒரு வெள்ளை ராஜபாளையம் உண்டு. ரோஸ் மூக்கு, ராஜா நடை. நம்ம மாவட்டத்துப் பெருமை! 2005-ல் தபால்தலையிலேயே வந்த ஜாதி. சிப்பிப்பாறையும் நம்ம மாவட்டத்துக் கிராமம்தான். ஆனால் ராஜபாளையம் ஜாதியில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கும். காவலுக்கு ஆகாதென்று யாரோ இதைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தீபாவளி ராத்திரி காப்பகமே அலறியபோது, அவன் மட்டும் கால் நீட்டித் தூங்கினானாம்.

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னார். “தெருநாயைப் பூரா இங்க கொண்டுவந்து அடைச்சா இது காப்பகம் இல்ல தம்பி, குடோன்.” சென்னை வேளச்சேரி மெயின் ரோட்டில் ப்ளூ கிராஸ் இருக்கிறதே, அதை 1959-ல் தொடங்கிய கேப்டன் சுந்தரம், உஷா சுந்தரம் இருவரும் விமானம் ஓட்டியவர்கள். நாய்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, கருத்தடை செய்து அதே தெருவில் விடுவதுதான் வழி என்று அந்த அமைப்பு 1964-லேயே ஆரம்பித்துவிட்டது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். நாடு முழுக்க விதியாக வந்தது 2001-ல். உங்க தெருவில் காது நுனி லேசாக வெட்டுப்பட்ட நாயைப் பார்த்தால் அடிபட்டதென்று நினைக்காதீங்க. ஆபரேஷன் முடிந்ததற்கான அடையாளம் அது.

இப்போது கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு ஸ்கூல், காலேஜ், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் இருக்கும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் ஊசியும் போட்டு, காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. கடிபட்ட குழந்தைகளை நினைத்தால் கோர்ட்டின் கோபம் புரிகிறது. ஆனால் உங்க கேன்டீன் வாசலில் படுத்திருக்கிற அந்தக் கறுப்பனும் இந்தக் கணக்கில் வருவான். அவனுக்கான கூண்டை காலை ஆறு மணிக்குக் கழுவப்போவது யார்? நான் பார்த்த இடத்தில் நாற்பது நாய்க்கு நிரந்தர ஆள் இரண்டே பேர்.

எங்க பிஜிலிக்கு வருவோம். “முதல்ல அதோட வீட்டைத் தேடுங்கப்பா. பட்டை கட்டின கை ஒண்ணு இருக்கும்ல?” என்றார் அக்கா. அச்சடிக்க சிவகாசியில் சொல்லித் தரவா வேண்டும்? தெரிந்த பிரஸ்ஸில் கெஞ்சி, கழிவுத்தாளில் நோட்டீஸ் அடித்து, ஆனைக்குட்டத்தில் இருந்து திருத்தங்கல் வரை டீக்கடை டீக்கடையாக ஒட்டினோம். ஒரு வாரம் ஒரு போனும் இல்லை.

ஒன்பதாம் நாள் ஒரு அம்மா பேசினார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, எங்களோடு பஸ் ஏறி வந்தார். கூண்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, மெதுவாகத்தான் கூப்பிட்டார்: “மணி...”

ஒன்பது நாளாக சுவரைப் பார்த்தே படுத்திருந்த நாய் கம்பியில் முட்டி மோதியது. வாலா ஆட்டியது? உடம்பு முழுவதையும் ஆட்டியது! அந்த அம்மா பட்டையைத் தடவிப் பார்த்து, “என் பழைய சேலை தம்பி” என்றார். அடுத்த தீபாவளிக்கு சாயங்காலமே வீட்டுக்குள் கட்டி, ஜன்னலை அடைத்து, டிவியைச் சத்தமாக வைக்கச் சொன்னார் அக்கா. ஓடிப்போனால் அடையாளம் தெரியட்டும் என்று பட்டையில் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் டாட்டா காட்டிவிட்டுத் திரும்பினால், அக்கா பிளீச்சிங் வாளியோடு மணியின் கூண்டுக்குள் நிற்கிறார். வாசலில் ஒரு ஆட்டோ. உள்ளே அட்டைப்பெட்டியில் கண் திறக்காத ஐந்து குட்டிகள்.

“நீங்க கிளம்புங்கப்பா, பஸ் போயிரும்” என்றார்.

துடைப்பம் எங்கே இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியுமே. அடுத்த பஸ்ஸில் போனோம்.