மேல்தளத்தில் ஜெபம்... கீழ்த்தளத்தில் சங்கிலி!

1748-ம் ஆண்டு மார்ச் மாதம். அட்லான்டிக் கடலில் பயங்கரமான புயல். 'கிரேஹவுண்ட்' என்ற கப்பலின் பக்கவாட்டுப் பலகைகள் உடைந்து, தண்ணீர் உள்ளே பாய்கிறது. 22 வயது ஜான் நியூட்டன் மணிக்கணக்கில் பம்ப் அடித்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார். கடவுளைக் கேலி பேசுவதையே பெருமையாக நினைத்தவர் அவர். அன்று அவரையும் அறியாமல் அந்த வாயிலிருந்து ஒரு வேண்டுதல் வந்தது. கப்பல் மூழ்கவில்லை. ஏறக்குறைய நான்கு வாரம் தத்தளித்து, அயர்லாந்துக் கரையைத் தொட்டது.

பல பிரசங்கங்களில் கதை இங்கே முடிந்துவிடும். சங்கடமான பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நியூட்டன் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். வேதம் வாசித்தார். ஜெபித்தார். கூடவே, அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு கேப்டனும் ஆனார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். அந்தப் பலகைகளுக்குக் கீழே, ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கப்பட்ட மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். அவர்களில் யாராவது இறந்தால், கப்பல் குறிப்பேட்டில் எழுதப்பட்டது பெயர் அல்ல, ஓர் எண். கலகம் செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தபோது, சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகு கருவியில் நெரித்து விசாரித்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். மனைவிக்கு அன்பொழுகக் கடிதம் எழுதியதும் அதே கைதான்.

அவர் பக்திமானாக நடித்தாரா? இல்லை. உண்மையாகவே நம்பினார். நம்மைப் பயமுறுத்த வேண்டியது அதுதான். அந்த நம்பிக்கை அவருடைய நாக்கைத் தொட்டது, ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டது. பிழைப்பை மட்டும் தொடவில்லை. அந்தத் தொழில் தவறு என்றே அப்போது தனக்குத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1754-ல் அவர் கடலை விட்டதற்குக்கூட மனசாட்சி காரணமில்லை. திடீரென்று உடல்நிலை மோசமானது, அவ்வளவுதான். பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை. 1764-ல் ஆல்னி என்ற ஊரில் போதகர் பணி. உலகமே இன்று பாடும் 'அமேஸிங் கிரேஸ்' பாடலை, 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதினார். அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் பொதுவில் குரல் கொடுக்கவில்லை.

அந்தக் குரல் எழுந்தது 1788-ல். கடலை விட்டு 34 வருடங்கள் கழித்து! ஊரே மதிக்கும் லண்டன் போதகராக இருந்த அவர், அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். கப்பலுக்குள் நடந்த கொடுமைகளைச் சொன்னார். அதில் தனக்கிருந்த பங்கையும் மறைக்கவில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். அவரிடம் ஆலோசனை கேட்டு வந்த வில்பர்ஃபோர்ஸ், நாடாளுமன்றத்தில் வருடக்கணக்கில் போராடினார். 1807-ல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருடம் டிசம்பரில், 82 வயதில் நியூட்டன் கண்மூடினார்.

புயலில் அவருக்குக் கிடைத்தது உயிர். விடுதலை கிடைக்க இன்னும் 40 வருடங்கள் ஆயின. தன் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து ஒரு மனிதன் விடுபடுகிறானே, அதுதான் ஆன்மிக விடுதலை. மன்னிக்கப்பட்டதாக உண்மையிலேயே நம்புகிறவனுக்குத்தான் 'நான் செய்தது தவறு' என்று நாலு பேர் முன்னால் சொல்லும் தைரியம் வரும்.

மனம் திரும்ப ஒரு நிமிடம் போதும் என்பார்கள். இருக்கலாம். ஆனால், நியூட்டனின் 40 வருடத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள், கீழ்த்தளத்தில் எண்களாகக் கிடந்தவர்கள். ஒருவருடைய விசுவாசத்தின் ஆழத்தை மேல்தளத்தில் பாடுகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.